கிலோவுக்கும் பவுண்டுக்கும் நடுவே

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பதினொரு வயதில் கல் கொத்தும் வேலைக்குப் போனேன். ஊத்துக்குளிக் கல்லை விரலால் சுண்டிப் பார்த்தே இது இட்லிக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்லிவிடுவேன். கணபதிப் பகுதியில் ஒரு தகரக் கொட்டகை போட்டேன். ஆடிக் காற்று தூக்கிக்கொண்டு போனது. மறுபடியும் போட்டேன். பேங்கில் கடன் கிடையாது என்றார்கள், மாமனார் பெண் கிடையாது என்றார். இரண்டையும் வாங்கினேன். சாய்க்கிற கிரைண்டர், மேஜைமேல் வைக்கிற கிரைண்டர், பாலக்காட்டுக்காரர்களுக்காகத் தேங்காய்த் துருவியோடு சேர்ந்த கிரைண்டர் என்று நான் செய்து அனுப்பாதது இல்லை. ஆர்.எஸ்.புரத்தில் வீடு கட்டினேன். பெண்ணை இன்ஜினியர் ஆக்கி அமெரிக்காவுக்கு அனுப்பினேன்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன மாதம் எங்கள் காலை நடைக்குழு ஓர் ஆண்டு மலர் போட்டது. மறைந்த உறுப்பினர்களைப் பற்றிய பக்கத்தில் பவுண்டு அக்காவின் படம். படத்துக்குக் கீழே, "ஒரு முழு கிரைண்டரையே பெட்டியில் அடக்கி அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த சாதனைப் பெண்மணி" என்று அச்சடித்திருந்தார்கள். கிரைண்டரைச் செய்தவன் யார், பெட்டியைத் தூக்கியவன் யார் என்று ஒரு வரி கிடையாது. கடைசிப் பக்கத்து விளம்பரத்தில் என் கம்பெனிப் படம் இருந்தது. அதற்குக் காசு கொடுத்திருந்தேன்.

அவர் பெயரைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. பவுண்டு அக்கா என்றால் எங்கள் பக்கத்தில் ஆட்டோக்காரரே வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். என்னைவிட இரண்டு வயது இளையவர். இருந்தாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஊரே கூப்பிடும்போது நான் மட்டும் என்ன செய்ய? அவர் என்னைக் கூப்பிட்டது, "ஏனுங்க கிரைண்டர்காரரே."

மகன் அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்ததும் அக்கா ஆறு மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தார். போகும்போது நம்மைப்போல் கிலோவில் இருந்தவர், வரும்போது பவுண்டில் வந்தார். கையில் ஒரு கண்ணாடி எடைப்பலகையும் வந்தது. குளியலறையில் வைத்து ஏறி நின்று பார்ப்பார்களே, அது. அதில் பவுண்டு மட்டும்தான் காட்டும்.

மளிகைக் கடையில் போய், "ஒரு பவுண்டு துவரம்பருப்பு குடுங்க" என்பார். கடைக்காரர் நானூற்றைம்பது கிராம் நிறுத்துக் கொடுத்தால், "இன்னும் நாலு கிராம் வருமுங்க" என்று நிற்பார். பின்னால் ஐந்து பேர் காத்திருப்பார்கள். கடைசியில் கடைக்காரர், "அரைக் கிலோவே எடுத்துட்டுப் போங்கக்கா, உங்களைக் கும்புட்டுக்கறேன்" என்பார். அக்கா எடுத்துக்கொண்டு போவார். பவுண்டு கேட்டு யாராவது நஷ்டப்பட்டார்கள் என்றால், அது அக்காவாக இருக்காது.

எல்லாவற்றையும் அவர் பவுண்டில் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். எது எப்படித் தெரிந்தால் நல்லதோ அதற்குத் தகுந்த அளவில் சொல்வார். நடைக்குழுவில் சேர்ந்த புதிதில் ரேஸ் கோர்ஸில் தினமும் நடந்து நான் ஐந்து கிலோ குறைந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவும் அதே ஐந்து கிலோ குறைந்தார், பதினொரு பவுண்டு என்றார். நடைக்குழுவே கைதட்டிச் சுண்டல் வாங்கிக் கொடுத்தது.

மருமகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவ நூத்தி அறுபதுங்க" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார். பவுண்டா கிலோவா என்று சொல்லமாட்டார். கேட்கிற பெண்கள் வாயில் கை வைத்துக்கொள்வார்கள். தன்னைக் கேட்டால், "அறுபத்தெட்டுத்தானுங்க." இது கிலோ. எனக்குப் படிப்பு இல்லையே தவிர கணக்கு வரும். கிலோவைப் பவுண்டாக்கும் வழியை அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். "ரெட்டிச்சுக்கோங்க, வந்ததுல பத்துல ஒரு பங்கைச் சேத்துபோடுங்க. பவுண்டைக் கிலோவாக்கணுமா, பாதியாக்கிப் பத்துல ஒரு பங்கைத் தள்ளிபோடுங்க. அவ்வளவுதானுங்க." அறுபத்தெட்டை நான் மனசுக்குள் இரட்டித்துச் சேர்த்துப் பார்த்தேன். நூற்றைம்பது வந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் பத்து பவுண்டுதான் வித்தியாசம்.

பேரன் பிறந்த அன்றைக்குத்தான் அவர் கொஞ்சம் தடுமாறினார். குழந்தை ஏழரை பவுண்டு என்று மகன் போனில் சொல்லியிருக்கிறான். தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்துக்கொண்டு வந்தவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"எடை எவ்வளவுங்கக்கா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஏழ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறந்த குழந்தையைப்போய் ஏழரை என்று சொல்வார்களா? சனீசுவரன் காதில் விழுந்தால் என்ன ஆகிறது? "மூணு கிலோ நானூறு கிராமுங்க" என்றார். பவுண்டில் சொல்லவேண்டியதை அவர் கிலோவில் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவில். பிரசவம், புதுமனை, பேரனுக்குக் காதுகுத்து என்று பெற்றவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். டிக்கெட்டில் ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ என்று போட்டிருக்கும், பக்கத்திலேயே ஐம்பது பவுண்டு என்றும் போட்டிருக்கும். அதற்குமேல் போனால் விமான நிலையத்தில் எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்து ஊறுகாயை வெளியே எடுக்கவேண்டும். அந்த அவமானத்துக்குப் பயந்து எல்லோரும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா காசு வாங்கமாட்டார், காபி மட்டும் குடிப்பார். அவர் கட்டிய பெட்டி எதையும் எந்தக் கவுண்டரிலும் திறக்கச் சொன்னதில்லை.

கட்டும் முறை அவருடையதே. பெட்டியைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தால் எண் பெட்டிக்கு அடியில் மறைந்துவிடும். அதனால் முதலில் ஓர் ஆளை வெறுமனே ஏற்றி எடை பார்ப்பார். பிறகு அந்த ஆளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். கழித்தால் பெட்டியின் எடை. அவருடைய வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர்தான் எடைக்கல். பாவம், வாய் பேசாத மனிதர், எத்தனையோ வீட்டுப் பெட்டிகளைச் சுமந்து அந்தப் பலகைமேல் நின்றிருக்கிறார். அவர் காலமான பிறகு அந்தப் பதவி எனக்கு வந்தது. "உங்க எடை மட்டும் மாறவே மாறாதுங்க, நூத்தி எழுபத்தாறு" என்று அக்கா சொல்வார். பெருமைக்குச் சொல்லவில்லை, ஆர்.எஸ்.புரத்தில் வேறு யாரைப் பற்றியும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. ஒருமுறை என் மனைவி மகளுடைய புதுமனைக்குப் போனபோது அக்கா ஐம்பது பவுண்டு சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டினார். விமானத்துக்குப் போகிற வழியில் பட்டறையில் ஒரு வேலை. அப்படியே பெட்டியை என் தராசில் தூக்கி வைத்தேன். இருபத்து மூன்று கிலோ, அணுப் பிசகவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த கணக்கையே போட்டேன். ஐம்பதரைக்கு மேல் வந்தது. அரைப் பவுண்டுக்கு மேல் எங்கிருந்து வந்தது?

அடுத்த நாள் கேட்டேன். "உங்க பட்டறைத் தராசுல கல்தூசி ஒக்காந்திருக்குமுங்க, தொடைச்சுபோட்டுப் பாருங்க" என்றார்.

துடைத்துப் பார்த்தேன். தராசில் குற்றம் இல்லை.

என் மகளுக்குப் பிரசவம் வந்தது. அவள் போனில் அடிக்கடி ஒன்று சொல்லிக்காட்டுவாள். "அப்பா, ஊருக்கெல்லாம் மாவாட்டிக் குடுத்தீங்க. உங்க பொண்ணு இங்க பாக்கெட் மாவு வாங்கறா." அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இந்தத் தடவை என் கிரைண்டர் அவள் அடுப்படிக்குப் போயே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன். அமெரிக்க மின்சாரத்துக்குத் தகுந்த மோட்டார் மாட்டி, நானே பொறுக்கி எடுத்த கல்லால் குழவி செய்து வைத்தேன். கனமான குழவி. கனம் இல்லாத குழவி மாவை ஆட்டாது, தடவிக் கொடுக்கும். என் போட்டிக்காரர்கள் விற்பது அந்த மாதிரி.

அக்கா வந்து கிரைண்டரைச் சுற்றிப் பார்த்தார். "இத அனுப்பறதுக்கு உங்களையே மடிச்சு அனுப்பிச்சுரலாமுங்க."

"முடியாதுன்னா சொல்லிருங்கக்கா, வேற ஆளப் பாக்கறேன்" என்றேன்.

"முடியாதுன்னு நா எப்பங்க சொன்னேன்?" என்று கோபித்துக்கொண்டு டிரம்மைத் துணி சுற்ற ஆரம்பித்தார்.

மாலையில் என் மனைவிக்கு விமானம். காலையில் அக்கா என்னைப் பலகையில் ஏற்றி எடை பார்த்தார், வழக்கமான நூற்று எழுபத்தாறு. நான் குளித்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். வருவதற்குள் பெட்டி தயார். டிரம், குழவி, மோட்டார், பிரசவ லேகியம், பூண்டு, குழந்தைத் துணி, என் மனைவியின் செருப்பு. தூக்கிக்கொண்டு ஏறினேன். அக்கா குனிந்து பார்த்தார். அவர் நினைத்ததைவிட ஒரு பவுண்டு அதிகம்.

இறக்கினேன், மறுபடி ஏறினேன். அதே அதிகம்.

"நா கட்டுன பெட்டில இப்புடி வந்ததே இல்லீங்க" என்றார் அக்கா. முகம் வாடிவிட்டது.

"குழவிய எடுத்துட்டு அங்கியே ஒண்ணு வாங்கிக்கலாமுங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"அமெரிக்காவுல குழவி உன் தாத்தனா விக்கறாரு?" என்றேன். "என் கல்லுல யாரும் கை வெக்கக் கூடாது. லேகியத்தை எடு."

"பெத்த பொண்ணுக்கு லேகியம் வேண்டாங்கறீங்களா?"

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா பெட்டியின் அடியில் கையை விட்டார். டிரம்முக்குக் கீழேயிருந்து ஒரு காகிதப் பொட்டணத்தை உருவினார். பிறகு என் மனைவியின் செருப்பை எடுத்து வெளியே வைத்தார். "ஆச்சுங்க. ஒரு பவுண்டு எறங்கிருச்சு."

பொட்டணத்தை முந்தானையில் மறைக்கப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன். மேலே அவருடைய மகன் பெயரும் விலாசமும் எழுதியிருந்தது. பருப்புப் பொடி வாசம் அடித்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஐம்பது பவுண்டு என்பது இருபத்து மூன்று கிலோவே அல்ல. முந்நூற்றுச் சொச்சம் கிராம் குறைச்சல். விமானக் கம்பெனிக்காரன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டான். ஊர்க்காரர்களை அக்கா ஐம்பது பவுண்டோடு நிறுத்தினார். கவுண்டரில் கேட்பதோ இருபத்து மூன்று கிலோ. நடுவில் இருக்கும் அந்த இடம் அவருடையது. எந்த வீட்டுப் பெட்டி போனாலும், எந்த ஊரில் இறங்கினாலும், அதில் முந்நூறு கிராம் பொடி அவருடைய மகனுக்குப் போகும். இறங்கியவர்கள் பொட்டணத்தைப் பார்த்துத் திகைத்து, தன் பெட்டியில் மட்டும்தான் வந்தது என்று நினைத்து, மேலே எழுதியிருந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். போன தடவை என் மனைவியும் அனுப்பியிருக்கிறாள், என்னிடம் மூச்சு விடவில்லை. காசாக அவர் வாங்காத கூலி அதுதான்.

"பையன் கேட்டானுங்களாக்கா?" என்றேன்.

"அவன் ஒண்ணுங் கேக்கலீங்க." பொட்டணத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "நாலு வருசமா வாரேன் வாரேன்னு சொல்றான். வந்தா இங்கியே சாப்புடுவான். இத இந்தத் தடவை விடுங்க. வெசயாக் கெளம்புங்க, நேரமாச்சு."

நான் கிளம்பவில்லை. குழவியை உருவிக் காரில் போட்டுக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனேன். மாவு படாத தலைப்பக்கத்தை மெஷினில் கொடுத்து ஒரு பவுண்டு இழைத்தேன். என் கல்லில் நானே கை வைத்தேன். எடை குறைத்து ஒரு குழவிகூட என் பட்டறையிலிருந்து அதுவரை வெளியே போனதில்லை. என்னிடம் வேலை பார்த்தவர்கள் சாமி ஆடுகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து குழவியை வைத்தேன், செருப்பை வைத்தேன். "அந்தப் பொட்டணத்தைக் குடுங்கக்கா" என்றேன்.

"கல்லுல கை வெக்கக் கூடாதுன்னீங்களே?"

"மத்தவங்க வெக்கக் கூடாது. அது என் கல்லு."

அக்கா பொட்டணத்தைத் தாமே டிரம்முக்குக் கீழே வைத்தார். தூக்கிக்கொண்டு ஏறினேன். இந்தத் தடவை அவர் கணக்கு அச்சாக வந்தது.

அக்காவும் விமான நிலையத்துக்கு வந்தார். தாம் கட்டிய பெட்டி தராசில் ஏறுவதைப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை ஏற்றினாள். இருபத்திரண்டரை. என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். அக்காவோ நெற்றியைச் சுருக்கினார்.

"அரைக் கிலோ எங்கீங்க?"

"கொறஞ்சா பரவால்லீங்க மேடம்" என்றாள் அந்தப் பெண்.

"உனக்குப் பரவால்ல கண்ணு. எனக்கு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க கிரைண்டர்காரரே, காலைல எடை பாத்துபோட்டு எங்க போனீங்க?"

"கல்யாணத்துக்கு."

"சாப்டீங்களா?"

"கல்யாணத்துக்குப் போயிட்டுச் சாப்புடாம வருவாங்களாக்கா?"

"பாயசம்?"

"ரெண்டு தரம்" என்றாள் என் மனைவி. அவளை யாரும் கேட்கவில்லை.

"அதானுங்க!" அக்கா கையைத் தட்டினார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு பவுண்டு பெட்டில ஏறலீங்க, உங்க வகுத்துல ஏறியிருக்குது! என் கணக்கு தப்பாதுன்னு எனக்குத் தெரியுமுங்க."

ஆக, நான் தின்ற சாப்பாட்டுக்கு என் கல்லை இழைத்திருக்கிறேன். சாப்பாடு சாயங்காலத்துக்குள் செரித்துவிட்டது. கல் இழைத்தது இழைத்ததுதான்.

மகள் பத்திரமாகப் பிள்ளை பெற்றாள். கிரைண்டர் ஓடியது. தலை குறைந்தும் மாவு பஞ்சாகப் பொங்கியது, என் கல் அப்படி. பொட்டணத்தைப் பார்த்த என் மனைவி அக்காவின் மகனுக்குப் போன் போட்டாள். அவன் மூன்று மணி நேரம் காரோட்டி வந்திருக்கிறான். என் கிரைண்டரில் ஆட்டிய மாவில் எட்டு தோசை சாப்பிட்டிருக்கிறான். அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, எதற்காக வந்தானோ அந்தப் பொட்டணத்தை மேஜைமேலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறான். மறுபடி தபாலில்தான் போனது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"எட்டு தோசைங்களா?" என்றார். பிறகு, "ஆளு எப்புடி இருக்கறானாமுங்க?" என்றார்.

"நாலஞ்சு கிலோ எளச்ச மாதிரி இருக்கறான்னு சொன்னா."

நான் அவர் பவுண்டில் மாற்றிச் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவர் எதையும் மாற்றவில்லை. உள்ளே போய் எனக்குக் காபி எடுத்துவந்தார்.

ஆனால் நடைக்குழுவில் அவர் சொன்ன கதையே வேறு. "கிரைண்டர்காரரு தின்ன பாயசத்தையுஞ் சேத்து எடை போட்டு ஒரு கிரைண்டரையே அனுப்பிச்சேனுங்க" என்பார். எல்லோரும் என் வயிற்றைப் பார்த்துச் சிரிப்பார்கள். கல்லை இழைத்ததைச் சொன்னால் எதற்கு இழைத்தேன் என்பதையும் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் பொட்டணம் வெளியே வரும், ஊரே தன் பெட்டியைத் தட்டிப் பார்க்கும். அதனால் அவர் கல்லை விட்டுவிட்டுப் பாயசத்தை மட்டும் வைத்துக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பேசத் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் மனைவியைக் கேளுங்கள்.

பிறகு மகன் வந்து அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனான். ஒன்றரை வருடம் அங்கே இருந்தார். அங்கேயே முடிந்துவிட்டது. அஸ்தியை மகன் கொடுமுடிக்குக் கொண்டுவந்தான். உறவுக்காரர்களோடு நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் கலசத்தை என் கையில் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான்.

"கைப்பையிலதானுங்க மாமா கொண்டுவந்தேன். அஞ்சு பவுண்டு" என்றான்.

பாதியாக்கினேன். பத்தில் ஒரு பங்கைத் தள்ளினேன். இரண்டேகால் கிலோ. எத்தனையோ பெட்டிகளை அவர் பேச்சுக்காகத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான். இதையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

கரையேறியதும் மகன் உறவுக்காரர்களிடம், "அம்மா ஒரு கிரைண்டரையே பெட்டியில வெச்சு அனுப்பிச்சவங்க" என்றான். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்த இடத்தில் நான் என் கல்லைப் பற்றிப் பேசினால் நன்றாகவா இருக்கும்? ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன். மலர் போடுகிறவர்களாவது விசாரித்துப் போடுவார்கள் என்று இருந்தேன். அவர்களும் போடவில்லை.

அக்காவின் பொட்டணத்தை இனி யாரும் பிரித்துப் பார்த்துக் கோபப்படப் போவதில்லை. அதனால் சொல்லிவிட்டேன். நடைக்குழுத் தலைவர் அவர்களே, அடுத்த மலரில் திருத்திப் போடுங்கள். பெட்டியைக் கட்டியது அவர்தான், பொடி இடித்ததும் அவர்தான், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அந்தப் பொட்டணம் உட்கார்ந்து போன ஒரு பவுண்டு இடம் என் கல்லில் இழைத்தது. பவுண்டில் போட்டாலும் சரி, கிலோவில் போட்டாலும் சரி, என் பேரில் போட்டாகவேண்டும்.